தம்பியின் சம்பளம்

அயல்நாட்டில் தங்கி வாழ விரும்பியும் அதற்குப் போதிய பொருள் இல்லாதவர்க்கு ஆங்கிலம் கற்பிக்கும் வேலை கைகொடுப்பது இன்று நேற்று வந்த வழக்கமன்று. 1878இல் மாக்சிமிலியன் பெர்லிட்ஸ் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் தொடங்கிய மொழிப்பள்ளி ஐரோப்பிய நகரங்களுக்குப் பரவியபோது, அங்கே கையாளப்பட்ட நேர்முறை, அதாவது மாணவரின் தாய்மொழியை வகுப்பில் அறவே தவிர்த்துக் கற்கும் மொழியிலேயே பேசிப் பயிற்றும் முறை, ஆசிரியருக்கு உள்ளூர் மொழி தெரிந்திருக்க வேண்டிய தேவையைப் போக்கிவிட்டது. பிறந்து வளர்ந்த மொழியே பிழைப்புக்குப் போதிய தகுதியாயிற்று.

இத்தகுதியை நம்பி 1904 அக்டோபரில் காதலி நோரா பார்னக்கிளுடன் டப்ளினை விட்டுப் புறப்பட்ட ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ், சூரிக்கில் இருப்பதாகச் சொல்லப்பட்ட வேலை அங்கில்லாமற்போகவே, போலா துறைமுகத்தில் கடற்படை அதிகாரிகளுக்குப் பாடம் நடத்தி, அடுத்த ஆண்டு மார்ச்சில் திரியெஸ்தேயின் பெர்லிட்ஸ் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். இன்று இத்தாலியில் உள்ள அந்நகரம் அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் வணிகத் துறைமுகம். பகலில் சில மணி நேரம் மொழியை விற்றால் மீதி நேரம் எழுத்துக்கு என்பது அவர் கணக்கு. ஜூலையில் மகன் பிறந்ததும் அந்தக் கணக்கு தள்ளாடியது. அக்டோபரில், இருபது வயதே ஆன தம்பி ஸ்டானிஸ்லாஸ் அழைப்பின்பேரில் வந்து, அதே பெர்லிட்ஸ் பள்ளியில் ஆசிரியராகி, அண்ணன் குடும்பத்தோடு குடியிருந்தார்.

ரிச்சர்ட் எல்மன் 1959இல் வெளியிட்ட ஜாய்ஸ் வரலாற்றில் போகிறபோக்கில் வரும் ஒரு செய்தி, ஆயிரம் பெரிய செய்திகள் மறந்த பின்னும் மனத்தை உறுத்துகிறது: பள்ளியின் சம்பளப் பதிவேட்டில் தம்பிக்காக அண்ணனே கையெழுத்திட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டார் என்பது அது. கடனாகவோ உதவியாகவோ பெறுவதில், பணம் ஒருமுறையாவது உழைத்தவரின் கையைத் தொட்டுச் செல்கிறது. கொடுத்தார் என்று பின்னாளில் சொல்லவும் இடமிருக்கிறது. பதிவேட்டில் விழுந்த கையெழுத்தோ கொடுக்கும் செயலையே இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

எனினும், இதைச் சுரண்டல் என்று தீர்ப்பெழுத முனைந்தால் அவர்களின் இளமைக்காலம் குறுக்கே வருகிறது. வரிவசூல் வேலையையும் கார்க் நகரத்துச் சொத்துக்களையும் இழந்து, வாடகை பாக்கியால் வீடுமாறிக்கொண்டே இருந்த ஒரு தந்தையின் பிள்ளைகளுக்கு, தன்னுடையது, பிறருடையது என்னும் எல்லை எங்கே உறைத்திருக்கும்? தம்பி டப்ளினில் எழுதிவந்த நாட்குறிப்பை அண்ணன் தாராளமாகப் படித்தார். அதிலிருந்த வாசகங்கள் சில, 1905 கோடையில் எழுதப்பட்ட ஒரு சிறுகதையின் நாயகனுக்குரியவையாகி, பின்னர் அண்ணனின் ‘டப்ளினர்ஸ்’ தொகுப்பில் இடம்பெற்றன. ஆக, சம்பளத்துக்கு முன்பே சொற்கள் கைமாறியிருந்தன. அவற்றுக்குப் பதிவேடும் கிடையாது.

ஜாய்ஸின் ‘யுலிசீஸ்’ நாவலின் நூலகப் பகுதியில், அவருடைய சாயல் கொண்ட ஸ்டீபன் தன் தம்பியைச் சாணைக்கல்லாக எண்ணுவது மங்கலாக நினைவுக்கு வருகிறது. அங்கே நன்றியும் அலட்சியமும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. தம்பியுடையான் படைக்கு அஞ்சான் என்று தமிழர் சொல்வதும் தம்பியின் அச்சத்தைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. முதல் உலகப் போர் வந்தபோது, பிரித்தானியக் குடிகள் என்ற முறையில் இருவருக்கும் ஆபத்திருந்தும், 1915 ஜனவரியில் கைதாகிப் போர் முடியும்வரை ஆஸ்திரிய முகாமில் அடைபட்டவர் தம்பி. அதே ஆண்டு சூரிக்கிற்குச் செல்ல முடிந்தவர் அண்ணன். இதை அண்ணன் மேல் ஏற்றுவது நியாயமாகாது. ஆயினும் ஒரு கணக்கில் எப்போதும் ஒரே பக்கத்தில் பற்று விழுவது கண்ணில் படாமலும் இல்லை.

கற்பித்தல் அண்ணனுக்கு வீண்சுமையாக மட்டும் இருந்ததாகவும் சொல்ல முடியாது. கப்பலின் அடிப்பாகத்துக்கான வண்ணப்பூச்சை இலண்டனில் தயாரிக்க வேண்டியிருந்ததால் ஆங்கிலம் பயில வந்த எத்தோரே ஷ்மிட்ஸ், எழுத்தைக் கைவிட்டிருந்த நாவலாசிரியர். ஆசிரியரான ஜாய்ஸ் தந்த ஊக்கமும் 1923இல் இத்தாலோ ஸ்வேவோ என்ற புனைபெயரில் அவருடைய பெரும் நாவல் வருவதற்கு ஒரு காரணம். பிழைப்புக்கான வேலையும் உயிர்மூச்சான வேலையும் வெவ்வேறு என்னும் பிரிவினை இங்கே குலைகிறது. அது குலையுமானால், அண்ணனின் நேரத்துக்கு விலைகொடுத்த தம்பியின் பாடவேளைகள் வெறும் செலவு என்பதும் உறுதியாகத் தெரியவில்லை.

ஸ்டானிஸ்லாஸ் பெரும்பாலும் திரியெஸ்தேயிலேயே ஆங்கிலம் கற்பித்து வாழ்ந்து, 1955 ஜூன் 16 அன்று காலமானார். திரியெஸ்தே நாட்குறிப்பில் அவருடைய மனத்தாங்கல்கள் உண்டு. ஆனால் சண்டையிட்ட இரவில் எழுதுவது வேறு, ஆற அமர எடைபோடுவது வேறு. 1958இல் வெளியான அவருடைய நினைவுநூல், தலைப்பிலேயே தம்மை அண்ணனின் காவலராகச் சுட்டிக்கொண்டபோதிலும், டப்ளின் ஆண்டுகளைத் தாண்டாமல் முற்றுப்பெறாது நின்றுவிடுகிறது. காலம் போதாமையால் நின்றதா, சம்பள ஆண்டுகளை எழுத மனம் வராமல் தள்ளிப்போட்டதும் அதில் உண்டா என்பதற்கு இரு பக்கமும் வாதிடலாம்; எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மறுபக்கம் அடங்குவதில்லை.