கரிசலில் ஓர் ஆல்ப்ஸ்

கரிசல் காட்டில் ஆல்ப்ஸ் மலைக்கு என்ன வேலை? சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும் கோவில்பட்டியில், ஒருவர் மாடியறையில் ப்ளைவுட் பலகை போட்டு, தெர்மாகோலை அறுத்து மலை எழுப்பி, உச்சியில் வெள்ளை அடித்து அதைப் பனி என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடிவாரத்தில் ஊசிக்கோபுரத்தோடு ஒரு தேவாலயம், சரிந்த கூரை வீடுகள், நடுவே வளைந்தோடும் பொம்மை ரயில். பார்க்க வருகிறவர்கள் தவறாமல் இரண்டு கேள்வி கேட்பார்கள். எவ்வளவு ஆச்சு? நம்மூர் ரயிலை விட்டுட்டு வெள்ளைக்காரன் ஊர் எதுக்கு?

செலவுக் கணக்கை அவர் வீட்டம்மாவிடம் விட்டுவிடலாம். இரண்டாவது கேள்வி ஆயிரம் வருஷம் பழையது. தஞ்சையில் ராஜராஜன் எழுப்பிய விமானத்துக்குத் தட்சிணமேரு என்று பெயர். காஞ்சியில் ராஜசிம்மன் கட்டியது கைலாசநாதர் கோயில். மேருவையும் கயிலையையும் கண்ணால் பார்த்துவிட்டு வந்தா கட்டினார்கள்? கோவில்பட்டிக்குப் பக்கத்தில் கழுகுமலையில், 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயில் நிற்கிறது. ஒரே பாறையை மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். சிகரம் முடிந்துவிட்டது, மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி விரல் நளினம் வரை முடிந்துவிட்டார், அடிப்பகுதி மட்டும் பாறையாகவே நின்றுபோனது. காணாத மலையைச் சுருக்கி ஊருக்குள் கொண்டுவருவது தமிழனுக்குப் புதுப் பழக்கமில்லை. நவராத்திரிக் கொலுவுக்குப் பக்கத்தில் வெந்தயம் முளைக்கவிட்டு, மலையும் குளமும் வைத்து, ‘பார்க்’ கட்டிச் சாவி கொடுத்த ரயிலை ஓடவிட்ட வீடுகள் எத்தனை!

சுருக்குவதில்தான் சங்கடம். எச்ஓ என்ற பரவலான அளவில் எல்லாமே 87இல் ஒரு பங்கு. ஆள் உயரம் 2 சென்டிமீட்டர். 1435 மில்லிமீட்டர் ஐரோப்பியப் பாதை 16.5 மில்லிமீட்டராகிறது. நம் அகலப்பாதை 1676, கணக்குப்படி 19.3 வர வேண்டும். அந்த அகலத்தில் தண்டவாளம் கடையில் கிடைக்காததால் இந்திய இன்ஜினையும் 16.5இலேயே ஓட்டுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், கோவில்பட்டி வழியாக ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஓடியது மீட்டர்கேஜ். ஆல்ப்ஸில் ஏறும் சுவிஸ் ரேட்டியன் ரயிலும் மீட்டர்கேஜ்தான். அதற்கென்றே விற்கும் 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் பழைய தூத்துக்குடி வண்டி அழகாகப் பொருந்தும். ஆனால் தூரம்? சாத்தூர் வரையிலான இருபது சொச்சம் கிலோமீட்டரை அப்படியே சுருக்கினாலும் 230 மீட்டருக்குக் குறையாது. மாடியறை போதுமா? ஆகவே நடுவில் உள்ளதையெல்லாம் மறைத்துவிடுகிறார்கள். இறைவனின் ஐந்தொழிலிலும் மறைத்தல் ஒன்று என்பதைச் சைவர்கள் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் இந்தப் பைத்தியத்தின் பெரிய சாட்சி புனேயில் இருக்கிறது. பாவ்சாகேப் ஜோஷி 1998இல் திறந்த குட்டி ரயில் அருங்காட்சியகத்தில் ஒரு நகரமே 1:87 அளவில் விளக்கேற்றி ஓடுகிறது. இங்கிலாந்திலோ இந்தப் பித்து பிடித்தவர்களில் சபை குருமார்களுக்குத் தனி இடம். தாமஸ் என்ற நீல இன்ஜினைப் படைத்த வில்பர்ட் ஆட்ரி ஆங்கிலிகன் குருவானவர். 1945இல் முதல் புத்தகம் போட்டவர், தன் கதைத்தீவின் ஓர் ஊரை மேசைமேல் கட்டி ரயில் ஓட்டினார். பீட்டர் டென்னி என்ற இன்னொரு குருவானவரின் பக்கிங்ஹாம் ரயில் பாதையை அந்தக் கலையின் முன்னோடி என்பார்கள். ஞாயிறு காலை ஆதியாகமம் வாசித்தவர்கள் வீட்டுக்கு வந்து ஓர் உலகம் செய்து, நல்லதென்று கண்டிருக்கிறார்கள்.

ஒரு வித்தியாசம். அவர்கள் மதத்தில் கடவுள் ஒன்றுமில்லாததிலிருந்து உலகைப் படைக்கிறார். மேசைமேல் அது நடக்காது. சைவ சித்தாந்தத்தின் குயவன்தான் இங்கே பொருந்துகிறான். மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். 13ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதம் தந்த மெய்கண்டாரின் மரபில், மண்ணின் இடத்தில் இருக்கும் மாயையைச் சிவன் உண்டாக்கவில்லை. அது அவனைப் போலவே என்றும் உள்ளது. இதைப் புரிந்துகொள்ள அந்த மாடியறைக்கே போகலாம். ஜெர்மன் பெட்டியில் வந்த வீட்டின் புகைபோக்கியை அறுத்து மொட்டைமாடி வைக்கிறார். தீப்பெட்டி ஊராயிற்றே, வேலிக்குத் தீக்குச்சி. 2 மில்லிமீட்டர் குச்சி இந்த அளவில் 17 சென்டிமீட்டர் கட்டை. ஃபிர் மரத்தைப் பிடுங்கிச் சீமைக்கருவேலத்தை நடுகிறார், அதுவும் கடல் கடந்து வந்ததுதான் என்பது வேறு விஷயம். தரைக்கு, சலித்த கரிசல் மண்ணில் பசைத்தண்ணீர் விட்டு மெழுகுகிறார். காயும்போது மண் சுருங்குகிறது. மெல்லிய பாளம் பாளமாக வெடிப்பு ஓடுகிறது, கோடையில் காடு வெடிக்கிற அதே வாகில். அவர் அதைத் திட்டமிடவில்லை. மண்ணுக்கு அந்தக் குணம் இருக்கிறது, அவ்வளவுதான்.

உயிர்கள் விஷயத்தில் சித்தாந்தம் கைவிரித்துவிடுகிறது. அதன்படி உலகம் உயிர்களுக்காக, அவற்றைப் பற்றிய மலம் என்ற அழுக்கு கழிவதற்காக நடக்கிறது. பசையில் ஒட்டிய பொம்மைகளுக்கு மலம் ஏது? இந்த ரயில் ஓடுவது செய்தவரின் சந்தோஷத்துக்கு. அப்படிப் பார்த்தால் படைப்பை லீலை என்ற பிரம்மசூத்திரம்தான் நெருக்கம். ஆனால் ஐப்பசி முழுக்க வானத்தைப் பார்த்து ஏமாந்த சம்சாரியிடம் போய் இதெல்லாம் ஆண்டவன் விளையாட்டு என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும். சூத்திரக்காரருக்கும் அது தெரிந்திருக்கிறது. அடுத்த சூத்திரத்திலேயே, அப்படியானால் கடவுள் பாரபட்சமுள்ளவனா, இரக்கமற்றவனா என்ற ஆட்சேபத்தை எடுத்து, கர்மத்தின் மேல் பழியைப் போடுகிறார். மீமாம்சகர் இன்னும் ஒரு படி மேலே போய், கர்மமே பலன் தரும், நடுவில் ஆள் வேண்டாம் என்பார். டென்னிக்கும் அந்த யோசனை வந்தது போலும். கூட நின்று ரயில் ஓட்டிய மகன் கிறிஸ்பின் வீட்டில் இல்லாத நாட்களுக்காக, ஒரு ஸ்டேஷனைத் தானே நடத்தும் இயந்திரம் செய்து, அதற்கு ‘ஆட்டோமேட்டிக் கிறிஸ்பின்’ என்று பெயர் வைத்தார்.

செய்தவனே வேண்டாம் என்றவர்களும் இந்தப் பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். வெட்டுவான் கோயில் இருக்கும் அதே கழுகுமலையில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். உலகத்தை யாரும் படைக்கவில்லை, அது என்றும் இருக்கிறது என்பது சமணர் கட்சி. கோயிலுக்காகப் பாறையை வெட்டியவனையும் மலை செய்த மாடியறைக்காரரையும் காட்டி, உலகுக்கும் ஒரு தச்சன் உண்டு என்று வாதித்தால் அவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அந்தச் சிற்பங்களின் கீழே வட்டெழுத்தில், இந்தத் திருமேனியைச் செய்வித்தவர் இன்ன ஊர் இன்னார் என்று பெயர் பெயராக வெட்டி வைத்திருக்கிறார்கள்.