நினைவில் நில்லாத பரிசு

திருவருகைக் காலத்தின் முதல் மெழுகுதிரி ஏற்றப்பட்டதும் மேற்குத் தாம்பரத்தின் சண்முகம் சாலையில் நடப்பது கடினமாகிவிடுகிறது. காகித விண்மீன்கள் கடைவாசல்களில் தொங்க, குடில் சுரூபங்கள் தட்டுகளில் வரிசையாக நிற்க, குழந்தைகளைத் தோளில் சுமந்த தந்தையர் கூட்டத்தில் முண்டியடித்துச் செல்கின்றனர். அக்கூட்டத்தின் நடுவே இவ்வாண்டு நாமும் நின்றோம். நம் தம்பியின் இளைய மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து நான்கு திங்கள் ஆகின்றன. அக்குழந்தையின் முதல் கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு என்ன கொடுப்பது?

கேள்வி சிறியதுதான். ஆயினும் மூன்று கடைகள் ஏறி இறங்கியபின் வெறுங்கையோடு வீடு திரும்பினோம். பொருள் கிடைக்காமல் அன்று. பழைய நினைவு ஒன்று கையைப் பிடித்துக்கொண்டது. அதை வாசகரோடு பகிர்ந்துகொள்வது தகும் என எண்ணுகிறோம்.

2014-ஆம் ஆண்டு, அதே தம்பியின் மூத்த மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. முடிச்சூரில் வாடகை வீடு. மருமகனுக்குச் சொற்பச் சம்பளம். அக்குழந்தையின் முதல் கிறிஸ்து பிறப்பு விழாவன்று, நள்ளிரவுத் திருப்பலி முடிந்து, குடிலின் முன் உறவினர் அனைவரும் காண, அதன் பிஞ்சு விரலில் ஒரு சிறு தங்க மோதிரத்தை அணிவித்தோம். எல்லாரும் மகிழ்ந்தனர். நம் மகிழ்ச்சி சற்றுக் கூடுதலாகவே இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

மறு ஆண்டு டிசம்பர் முதல் இரு நாள்களில் பெய்த பெருமழையை இப்பகுதியினர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அடையாறு கரைமீறி முடிச்சூரையும் வரதராசபுரத்தையும் சூழ்ந்தது. மக்களைப் படகுகளில் ஏற்றி மீட்டனர். நம் பிள்ளைகளின் வீட்டில் பாய் முதல் அடுப்பு வரை யாவும் சேற்றில் போயின. மூன்று வாரம் கழித்து வந்த கிறிஸ்து பிறப்பு நாளில் அவர்களைக் காணச் சென்றோம். குழந்தையைக் கையில் வாங்கியதும் நம் கண் அதன் விரலுக்குச் சென்றது. "மோதிரம் எங்கே அம்மா?" என்று கேட்டோம்.

அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போயிற்று. "மன்னித்துவிடுங்கள் பெரியப்பா. தம்பிக்குக் காய்ச்சல் விடவில்லை. படுக்கவும் ஒன்றுமில்லை. என் தோட்டோடு சேர்த்து அதையும் அடகு வைத்துவிட்டோம். மீட்டுவிடுவோம் பெரியப்பா" என்றாள். அதன் பின்னர்தான் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து போனதே நமக்குத் தெரிந்தது. குழந்தையைப் பற்றி வினவுமுன் மோதிரத்தைப் பற்றி வினவியிருந்தோம்!

அன்று முதல் நம்மை விட்டு அகலாத கேள்வி இது: அந்த மோதிரத்தை நாம் உண்மையிலேயே கொடுத்திருந்தோமா?

கைக்குழந்தைக்குக் கொடுப்பது மற்றவர்க்குக் கொடுப்பது போன்றதன்று. பிறந்த குழந்தையின் பார்வை ஓரடித் தொலைவுக்குள் இருப்பதை மட்டுமே ஓரளவு தெளிவாகக் காணும். பாலருந்தும்போது தாயின் முகம் இருக்கும் தொலைவு அது. சில திங்கள் ஆனபின் கைக்கு எட்டியதைப் பற்றி வாய்க்குக் கொண்டுபோகும். அதற்கு விழா தெரியாது, விலை தெரியாது, கொடுத்தவர் யார் என்பதும் தெரியாது. வளர்ந்தபின்னும் நம்முள் எவர்க்கும் முதல் இரண்டு ஆண்டுகளின் நிகழ்ச்சிகள் நினைவில் நிற்பதில்லை. ஆக, கைக்குழந்தை நன்றி சொல்லாது, திருப்பித் தராது, நினைவிலும் வைத்திராது.

இத்தகையோர்க்குக் கொடுப்பதையே ஆண்டவர் மேன்மையாகச் சொன்னார். விருந்து வைக்கும்போது, திருப்பி அழைக்கக்கூடிய நண்பரையும் செல்வரையும் அன்று, கைம்மாறு செய்ய இயலாதவரை அழைக்கச் சொன்னதை லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். வள்ளுவரும் ஈகை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, இல்லாதவர்க்குத் தருவதை மட்டுமே ஈகை என ஏற்று, மற்றவற்றைக் கொடுக்கல் வாங்கலோடு சேர்த்துவிடுகிறார். இவ்விரு அளவுகோல்களின்படியும், கைக்குழந்தைக்குத் தரும் பரிசு கலப்பற்ற ஈகையாக இருக்க வேண்டும்.

நடைமுறையில் அப்படி இருப்பதில்லை. பரிசு குழந்தையின் தலைக்கு மேலே கடந்து பெற்றோரின் கணக்கில் போய்ச் சேருகிறது. நம் வீடுகளில் மொய் நோட்டு ஒன்று உண்டு. யார் எவ்வளவு செய்தார் என்பதை அதில் எழுதி வைக்கிறோம். அவர் வீட்டு விழாவில் அதற்குக் குறையாமல் செய்கிறோம். கொடுத்தல், பெறுதல், திருப்பித் தருதல் என்னும் மூன்று கடமைகளும் ஒன்றோடொன்று பின்னியவை என்று பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925-இல் வெளிவந்த தம் ஆய்வில் விளக்கினார். நம் பாட்டிமார்க்கு அந்நூலின் உதவி தேவைப்படவில்லை. மொய் நோட்டே போதுமானதாக இருந்தது. அதை இழிவாகச் சொல்லவில்லை. வங்கி இல்லாத ஊர்களில் ஏழைகள் ஒருவரையொருவர் தாங்கிய முறை அது. ஆனால் அதற்குப் பரிசு என்று பெயரிடும்போதுதான் மனம் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறது.

தூண்டில் முள் மறைந்திருக்கும் பரிசுகளும் உண்டு. ஒரு காலத்தில் பால்மாவு நிறுவனங்கள் மகப்பேற்று மருத்துவமனைகளில் இளம் தாய்மார்க்கு மாதிரி டப்பாக்களை இலவசமாக வழங்கின. மாவைக் கரைத்துப் புட்டியில் கொடுக்கக் கொடுக்கத் தாய்ப்பால் குறையும். இலவச டப்பா தீர்ந்தபின் விலை கொடுத்து வாங்காமல் முடியாது. தூய நீர் கிடைக்காத வீடுகளில் அப்புட்டி வயிற்றுப்போக்கையும் கொண்டுவந்தது. 1981-இல் உலகச் சுகாதாரப் பேரவை இதற்கு எதிரான நெறிமுறையை ஏற்றது. நம் நாட்டிலும் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய விளம்பரங்களையும் இலவசங்களையும் தடை செய்தது. குழந்தைக்கெனக் கொடுக்கப்படுவது கொடுப்பவர்க்கே ஊதியமாகலாம் என்பதைச் சட்டமே கண்டுகொண்டது.

நம் மோதிரம் அந்த வகையைச் சேர்ந்ததன்று எனலாம். ஆனால் அதிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நூல் கட்டப்பட்டிருந்தது. அதன் மறுமுனை நம் கையில் இருந்தது. "பெரியப்பா போட்ட மோதிரம்" என்று உறவினர் சொல்ல வேண்டும் என்ற ஆசையே அந்நூல். ஓராண்டுக்குள் அம்மோதிரம் குழந்தையின் விரலுக்குப் போதாமல் போய்விட்டிருந்தது. பெட்டியில் கிடந்த அது, அடகுக் கடைக்குச் சென்ற நாளில்தான் முதன்முறையாகக் குழந்தைக்குப் பயன்பட்டது. மருந்தாயிற்று, உலர்ந்த படுக்கையாயிற்று. கொடுத்தவரை விடப் பெற்றவள் அப்பரிசின் பொருளை நன்கு அறிந்திருந்தாள். அவளைத்தான் நாம் மன்னிப்புக் கேட்க வைத்தோம்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். கொடுத்த பொருள் என்னவாயிற்று என்று கேட்பது தவறா? அதைத் தந்தை குடித்துத் தீர்த்திருந்தால் என்ன செய்வது? நியாயமான மறுப்பே. குழந்தையின் நலனைக் கேட்க நமக்கு உரிமை மட்டுமன்று, கடமையும் உண்டு. ஆனால் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்பது வேறு. நம் பொருள் எங்கே இருக்கிறது என்று கேட்பது வேறு. முதல் கேள்வி அன்பிலிருந்து வருகிறது. இரண்டாவது கேள்வியைக் கேட்பவர் இன்னும் அப்பொருளின் உரிமையாளராகவே இருக்கிறார்.

மத்தேயு நற்செய்தியில் வரும் ஞானியரை இவ்விடத்தில் நினைவுகூர்வோம். பொன்னும் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் பாலனுக்கு உகந்த பொருள்கள் அல்ல என்று விளையாட்டாகச் சொல்வோர் உண்டு. அவற்றின் உட்பொருளை மறையுரைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். நாம் கவனிக்கத் தவறுவது அடுத்த வசனத்தை. அவர்கள் வேறு வழியாகத் தம் நாடு திரும்பினார்கள். அந்தப் பொன் என்னவாயிற்று என்று அறிய அவர்கள் மீண்டும் வந்ததாக நற்செய்தி கூறவில்லை. உடனே தொடர்வது எகிப்துக்குத் தப்பியோடும் வரலாறு. அந்தப் பொன் வழிச்செலவுக்கு உதவியதா என்பதையும் நற்செய்தியாளர் எழுதவில்லை. கொடுத்தவர்கள் கொடுத்துவிட்டுப் போனார்கள், அவ்வளவே.

நம் திருச்சபையும் கைக்குழந்தைக்குப் பரிசு தருகிறது. திருமுழுக்கின்போது வெண்ணிற ஆடையும், பாஸ்கா திரியிலிருந்து ஏற்றிய ஒளியும் அதற்கு வழங்கப்படுகின்றன. அவ்வாடையின் வெண்மையைக் குழந்தை அறியாது. அத்திரியைப் பிடிக்கவும் அதனால் இயலாது. ஆகவே திரி தந்தையின் கையிலோ ஞானத்தந்தையின் கையிலோ தரப்படுகிறது. அணையாமல் காக்கும் பொறுப்பும் அவர்களுடையதாகிறது. கைக்குழந்தைக்குத் தரும் பரிசின் இயல்பை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியுமோ, அறியோம். குழந்தைக்குத் தருவது உண்மையில் கொடுப்பவர் ஏற்கும் ஒரு வாக்குறுதி. பொருள் அதன் அடையாளம். குழந்தை மறந்துவிடும்; மறக்கக் கூடாதவர்கள் நாமே.

அப்படியானால் பொருளே வேண்டாம், அன்பு போதும் என்று சொல்லிவிடலாமா? அது வசதியுள்ளோரின் பேச்சு. ஈரத் தரையில் கிடக்கும் குழந்தைக்கு அன்பு ஒரு பாயாகத்தான் வர வேண்டும். பின்லாந்து நாட்டில் 1938 முதல் ஏழைத் தாய்மார்க்கும், 1949 முதல் எல்லாத் தாய்மார்க்கும் அரசு ஒரு பெட்டியை வழங்கி வருகிறது. அதில் குழந்தைக்கு வேண்டிய உடைகளும் போர்வையும் இருக்கும். அடியில் சிறு மெத்தை. அந்த அட்டைப் பெட்டியையே முதல் தொட்டிலாகக் கொண்டு உறங்கிய குழந்தைகள் பலர். நம் மாநிலத்திலும் 2015-இல் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பரிசுப் பெட்டகம் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்டவரை வணங்கும் நமக்கு, அட்டைப் பெட்டியில் உறங்கும் குழந்தை அன்னியமாகத் தோன்றக் கூடாது.

ஆகவே கடைக்குச் செல்லுமுன் நம்மையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். இது குழந்தையின் இன்றைய நிலைக்கு ஏற்றதா? எதையும் வாயில் வைக்கும் வயதில், கழன்றுவிடும் சிறு பகுதிகளும் பொத்தான் மின்கலங்களும் உள்ள பொம்மை உயிருக்கே ஆபத்து, பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 முதல் கட்டாயமாக்கப்பட்டிருப்பது காரணமின்றி அன்று. இரண்டாவது, இது தாயின் சுமையைக் குறைக்குமா, கூட்டுமா? மூன்றாவதே கடினமானது: கொடுத்தபின் இதை நம்மால் மறக்க முடியுமா?

நான்காவது கேள்வி ஒன்றையும் சேர்க்கலாம்: நம் உறவல்லாத குழந்தை எது? 2015 வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பல பெரும்பாக்கத்து அடுக்ககங்களில் குடியேற்றப்பட்டன. அங்கும் இந்த டிசம்பரில் முதல் கிறிஸ்து பிறப்பு விழாவைக் காணும் குழந்தைகள் உண்டு. அவர்களின் பெயர் எவர் மொய் நோட்டிலும் இல்லை.

பரங்கிமலை உச்சியில் 1523-இல் போர்த்துக்கீசியர் எழுப்பிய ஆலயம், குழந்தையை எதிர்நோக்கியிருக்கும் அன்னைக்கு நேர்ந்தளிக்கப்பட்டது. டிசம்பர் 18 அவ்வன்னையின் திருநாள். பேறுகாலம் நெருங்கிய அந்த ஏழைப் பெண்ணுக்கு அவ்வேளையில் என்ன தேவைப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், நம் கடைவீதிக் குழப்பம் பெரிதும் தெளிந்துவிடுகிறது.

மறுநாள் மீண்டும் கடைக்குச் சென்றோம். கொசுவலையோடு கூடிய சிறு மெத்தைகள் இரண்டு வாங்கினோம். ஒன்று பேத்திக்கு, மற்றொன்று பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையார் வழியாகப் பெரும்பாக்கத்துக்கு. பின்னர், வெகுநேரம் தயங்கியபின், ஒரு சிறு மோதிரமும் வாங்கினோம். கொடுக்கும்போது இளைய மகளிடம் சொல்ல வேண்டிய சொற்களையும் முடிவு செய்துவிட்டோம்: "இது உன் பிள்ளையுடையது அம்மா. வேண்டும்போது அடகு வை, விற்றுவிடு. பெரியப்பா கேட்க மாட்டேன்."

நோட்டில் அதை எழுதவில்லை.