நீலம் என்றால் பக்தியா?

பெசன்ட் நகர் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் யாருக்கும் அன்னி பெசன்ட் என்றதும் ஓவியம் நினைவுக்கு வராது. ஹோம் ரூல், காங்கிரஸ் தலைமை, அடையாறு தியசாபிகல் சொசைட்டி, அத்தோடு சரி. ஆனால் அவரும் சொசைட்டித் தோழர் லெட்பீட்டரும் சேர்ந்து எழுதி 1905-இல் வந்த ‘தாட் ஃபார்ம்ஸ்’ புத்தகத்தைப் புரட்டினால், ஆளோ மரமோ இல்லாத, வெறும் நிறமும் வளைவுமான படங்கள் பக்கத்துக்குப் பக்கம் இருக்கின்றன. எண்ணம் ஒவ்வொன்றும் நிறமும் வடிவும் கொள்கிறது, அதைக் காணும் கண் எங்களுக்கு உண்டு என்பது அவர்கள் கட்சி. இவர்கள் சொல்ல, ஓவியர்கள் வரைந்து கொடுத்தார்கள். அன்பு ரோஜா நிற மேகமாக மிதக்கிறது. வாக்னரின் இசை மாதா கோயில் கூரைக்கு மேலே மலையாக எழுகிறது. புத்தகத்தின் முகப்பில் ஒரு நிற அட்டவணையும் உண்டு: நீலம் பக்தி, மஞ்சள் அறிவு, கறுப்பு வன்மம்.

சிரித்துவிட்டு மூடிவைக்க முடியாத புத்தகம் இது. ஓவியர்களில் காண்டின்ஸ்கி இதைப் படித்தவர். மோந்திரியான் 1909-இல் தியசாபிகல் சொசைட்டியில் சேர்ந்தார். ஸ்வீடனில் ஹில்மா ஆஃப் கிளிண்ட் 1906 முதல் 1915 வரை, கட்டப்படாமலே போன ஒரு கோயிலுக்காக 193 படங்கள் வரைந்தார். அவரும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்தான். உருவமில்லாத ஓவியத்தின் விதைகளில் ஒன்று, அடையாற்றில் தலைமையகம் வைத்திருக்கும் ஒரு சபையின் கையில் இருந்திருக்கிறது.

எனக்குச் சண்டை அந்த அட்டவணையோடுதான். சித்திரக்குளத்துப் பக்கம் மாடியறையில், ஆறுக்கு எட்டு அங்குல கேன்வாஸ் போர்டுகளில் எண்ணெய் வண்ணம் தீட்டிப் பார்க்கிறவள் நான். அல்ட்ராமரீன் நீலத்தில் கொஞ்சம் பர்ன்ட் சியன்னாவைப் பேலட் கத்தியால் குழைத்தால், நாலே இழுப்பில் நீலம் செத்து, கறுப்புக்குக் கிட்டத்தில் ஒரு சாம்பல் வருகிறது. அட்டவணைப்படி பக்தி என் கண்ணெதிரே வன்மமாகிவிட்டது! அதே சாம்பலை ஒரு மஞ்சளுக்குப் பக்கத்தில் வைத்தால் மறுபடி நீலமாகத் தெரிகிறது. எதை எதனுடைய அடையாளம் என்று எழுதிவைப்பது?

நீலம் பக்தியைக் குறிக்கிறது என்று ஒத்துக்கொண்டால் அந்தப் படம் அருவமே இல்லை. மூக்கும் முழியும் இல்லையே தவிர, வாசித்துத் தீர்த்துவிடக்கூடிய ஒரு செய்தி. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் இதற்கு நேர் எதிராகச் செய்தார். 1963-இலிருந்து அவர் வரைந்த ‘வேர்ட்ஸ் அண்ட் சிம்பல்ஸ்’ வரிசையில் மலையாள எழுத்தும் ஜாதகக் கட்டமும் நிறைந்திருக்கும். ஒன்றையும் படிக்க முடியாது. படிப்பதற்கென்றே பிறந்த எழுத்தைப் படிக்கவிடாமல் செய்து, கோடாகவும் கறையாகவும் நம் முன்னால் நிறுத்தினார். பெசன்ட் அம்மையாரைவிடப் பணிக்கர்தான் அருவத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்பேன்.

சைவ சித்தாந்தம் அருவம், உருவம் என்ற இரண்டோடு நிற்காமல் நடுவே அருவுருவம் என்று ஒன்றை வைத்து, லிங்கத்தை அதில் சேர்க்கிறது. பல கோயில்களில் லிங்கத்துக்குக் கண்ணும் மூக்கும் வைத்த கவசம் சாத்துவார்கள். களைந்து எண்ணெய்க்காப்புச் செய்யும்போது எதையும் சொல்லாத கல் மட்டும் பளபளக்கும். அருவம் கல்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒன்றாக எனக்குத் தோன்றவில்லை. பெயரும் பொருளும் கழன்ற பிறகும் விலகாமல் எதிரே நிற்கிற கல்லிலேதான் அது இருக்கிறது.

பெரியம்மா விடமாட்டாள். “ஏண்டி, அப்போ சுவத்துல இருக்கிற ஓதக்கறையும் சாமிதானா?” நியாயமான கேள்வி. லிங்கத்துக்கு மந்திரம் உண்டு, அபிஷேகம் உண்டு, தலைமுறை தலைமுறையாக விழுந்து கும்பிட்டவர்கள் உண்டு. என் போர்டுக்கு ஒன்றும் இல்லை. அதனால் வரைவதைப் பூஜை என்றோ தியானம் என்றோ நான் சொல்வதில்லை. கண்காட்சிகளில் அப்படிச் சொல்வது இப்போது ரொம்பவே மலிந்துவிட்டது. ஓதக்கறையிடம் ஒருவரும் நின்று மல்லுக்கட்டவில்லை, இதனிடம் நான் கட்டினேன் என்கிற அளவுக்குத்தான் என்னால் பெரியம்மாவுக்குப் பதில் சொல்ல முடிந்தது. அவளுக்கு அது போதவில்லை.

மல்லுக்கட்டு பெரும்பாலும் எண்ணெயோடுதான். ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலிருந்து ஆக்ஸிஜனை வாங்கிக்கொண்டு இறுகுகிறது. இறுகும்போது எடைகூடச் சற்று ஏறும். ரா அம்பர் சீக்கிரம் இறுகும், ஐவரி பிளாக் இழுத்தடிக்கும். ஐப்பசி ஈரத்தில் எல்லாமே இழுத்தடிக்கும். கண்ணுக்குத் தெரியாத காற்று இப்படித்தான் என் போர்டில் ஏறித் தோலாகிறது. இதற்கு ஞானக்கண் எதற்கு? விரல் நுனியால் தொட்டாலே பிசுபிசுப்புச் சொல்லிவிடும்.

குழுக் கண்காட்சி ஒன்றில் படங்களுக்குத் தலைப்பு கேட்டார்கள். ‘மௌனம்’, ‘பிரபஞ்சம்’ என்று மற்றவர்கள் கொடுத்திருந்தார்கள். நான் பூசிய வண்ணங்களின் பெயரையே எழுதிக் கொடுத்தேன்: ‘டைட்டேனியம் ஒயிட், ரா அம்பர், கொஞ்சம் அல்ட்ராமரீன்’. மளிகைச் சிட்டை மாதிரி இருக்கிறதே என்றார் பட்டியல் அடித்தவர். அப்படியே அடிக்கச் சொன்னேன்.