மார்கழிக் கொன்றை

சித்திரையில் சரஞ்சரமாகத் தொங்க வேண்டிய கொன்றை மார்கழிப் பனியில் ஓரிரு கொத்து பூத்து நின்றால், திருநாவலூர்ப் பக்கத்தில் நாம் முதலில் கைபேசியை எடுக்கிறோம். பிறகு, மரத்துக்கே கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சொல்லிவிட்டு நடக்கிறோம். இந்தப் பழி பழையது. குறுந்தொகையின் 66ஆம் பாட்டில், கார்காலத்தில் திரும்புவதாகச் சொல்லிப்போனவன் வரவில்லை, கொன்றை பூத்துவிட்டது. கலங்கும் தலைவியிடம் தோழி, பருவம் இன்னும் வரவில்லை, காலமல்லாத மழையைக் கண்டு மரம்தான் ஏமாந்தது என்கிறாள். ஒருத்தியின் துயரை ஆற்றச் சொன்ன பொய் அது. நாம் அதையே சொல்லும்போது யாரை ஆற்றுகிறோம் என்பதுதான் விளங்கவில்லை.

மரம் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. மழையும் வெயிலும் இலையுதிர்வும்தான் அதற்கு நாள்கணக்கு. 2018இல் ஜப்பானில் புயல்கள் செர்ரி மரங்களின் இலைகளைப் பறித்துப்போட, மொட்டை அடக்கிவைக்கும் சுரப்பு இலையிலிருந்து வராமற்போய், வசந்தத்தில் மலர வேண்டியவை அக்டோபரிலேயே மலர்ந்தன. 2024 இறுதியில் ஃபெஞ்சல் புயலையும் தென்பெண்ணை வெள்ளத்தையும் கண்ட நமக்கு, காற்றும் மழையும் ஒரு மரத்தை என்ன பாடு படுத்தும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்காக ஒரு கொத்துப் பூவை வைத்துக்கொண்டு உலகமே மாறிவிட்டது என்று அலறுவதும் அதே சோம்பல்தான். கொன்றை அங்கொன்று இங்கொன்றாக அகாலத்தில் பூப்பது எப்போதும் உள்ளது. எப்போதும் உள்ளது எங்கே முடிந்து புதியது எங்கே தொடங்குகிறது என்று அறியக் குறிப்பு வேண்டும். கியோட்டோவில் 9ஆம் நூற்றாண்டிலிருந்து செர்ரி பூத்த நாள்கள் பதிவில் கிடைக்கின்றன. ஆகவேதான் 2021இல் மார்ச் 26 அன்றே அது முழுதாக மலர்ந்தபோது, அதுவரையான ஆயிரத்து இருநூறு ஆண்டுகளில் அதுவே முந்தியது என்று அவர்களால் சொல்ல முடிந்தது. நம்மிடம் அதைவிடப் பழைய பாட்டு இருக்கிறது.

திருநாவலூரில் பிறந்த சுந்தரரும், தம் மணப்பந்தலில் நேரங்கெட்ட நேரத்தில் ‘நீ எனக்கு அடிமை’ என்னும் ஓலையோடு வந்து நின்ற முதியவரைப் பித்தன் என்றுதான் ஏசினார். ஆனால் ஏசியதோடு விடவில்லை. வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போயிற்று, பாட்டனார் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தார்கள், ஓலை செல்லும் என்று தீர்ப்பாயிற்று. வந்தவர் கொன்றை சூடும் சிவன் என்பது பிறகு தெரிந்தது. பித்தென்று சொல்லப்பட்டவன் நீட்டிய ஓலையையும் வாங்கிப் படித்துப் பார்க்கும் அந்தக் குறைந்தபட்ச நாணயம்கூட, கல்வராயன் மலைச் சரிவிலும் கெடில ஆற்றங்கரையிலும் நிற்கும் மரங்களுக்கு நம்மிடம் கிடைப்பதில்லை.

சீசன்வாட்ச் என்ற திட்டம், மரங்கள் தளிர்த்து, பூத்து, காய்க்கும் விவரங்களை நாடு முழுவதும் பள்ளிப் பிள்ளைகளிடமிருந்தும் பொதுமக்களிடமிருந்தும் திரட்டிவருகிறது. படம் எடுப்பவர்கள் தேதியையும், அதற்கு முன் பெய்த மழையையும் கூடவே எழுதிவைக்கட்டும்.