காலியிடம்

ஆரணிப் பக்கத்துத் தேவிகாபுரத்தில் விடிந்ததும் தெருவில் பட்டுப் பாவு இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிவார்கள். வெயில் ஏறுமுன் சுருட்டியாகிவிடும். பிறகு அளக்க வருபவனுக்கு அது வெறும் தெரு.

காடும் அப்படித்தான். 1969இல் ராக்கெட் தளத்துக்கு ஸ்ரீஹரிகோட்டாத் தீவு தேர்வானபோது அங்கே யானாதிகள் இருந்தார்கள். தேன், கிழங்கு, மீன் என்று வாழ்ந்தவர்கள். மண்ணில் வேலி போடாத வாழ்க்கை பதிவேட்டில் ஏறுவதில்லை. தீவு தளமாயிற்று, அவர்கள் பெயர்க்கப்பட்டார்கள். விண்வெளி அறவியல் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை. செவ்வாயில் கிருமி உண்டா என்று கவலைப்படுகிறார்கள்.

நிலவில் ஆளில்லை, ஆகவே அங்கே குடியேறுவதில் அநியாயத்துக்கு இடமில்லை என்கிறார்கள். ஆளில்லை என்பது உண்மைதான். எந்த நாடும் நிலவைச் சொந்தம் கொண்டாடலாகாது என்றது 1967 ஒப்பந்தம். 2023இல் இந்தியா கையெழுத்திட்ட ஆர்ட்டெமிஸ் உடன்பாடோ, தோண்டி எடுப்பது மட்டுமே சொந்தம் கொண்டாடுவதாகிவிடாது என்கிறது. (வக்கீல் தமிழில் எழுதினாலும் இப்படித்தான் இருக்கும்.) எனக்குச் சந்தேகம் ‘காலி’ என்று தீர்ப்புச் சொல்லும் கண்ணின் மேல். அது ஆளிருந்த தீவில் பழகிய கண்.

2024 பிப்ரவரியில் குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது தளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல். அளந்தவர்கள் எந்த நேரத்தில் போனார்கள், விடியுமுன்பா, வெயிலேறிய பிறகா?