நூதனசாலையில் இல்லாத கைகள்

இத்தாலியின் உம்பிரியா மாநிலத்தில், பெருஜியா நகருக்கு அருகே தோர்ஜானோ என்றொரு சிற்றூர் உண்டு. திராட்சையும் வைனும்தான் அதன் பிழைப்பு. அங்கே லுங்கரொத்தி குடும்பத்தினர் 1974இல் வைனுக்கென்றே ஒரு நூதனசாலையைத் திறந்தனர். 2000இல் ஒலிவ் எண்ணெய்க்கும் ஒன்று வந்தது. குடிக்கும் பொருளொன்றை வடிக்கும் தொழில், ஓர் ஊரின் பெருமையாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறியிருக்கிறது.

அவ்வளவு தூரம் போக எமக்கு வசதியில்லை. ஆனால் நாம் வாழும் சான் ரமோனிலிருந்து சிறிது நேரம் காரோடினால் லிவர்மோர் வந்துவிடும். ஜேர்மனியிலிருந்து வந்த வென்டியும் அயர்லாந்திலிருந்து வந்த கொன்கனனும் 1883இல் அங்கே வைன் தொழிலைத் தொடங்கினர். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபோதும், தேவாலயப் பூசைக்கான வைன் என்ற சலுகையால் கொன்கனன் தாக்குப்பிடித்தது. சான் ரமோனிலேயே, பூன் குடும்பத்தின் 16 ஏக்கர் பண்ணை 1997இல் நகரசபைக்குக் கொடுக்கப்பட்டு, பழைய உழவு இயந்திரங்களுடன் இன்று பார்வைக்கு இருக்கிறது. அகதியாக வந்தவனுக்கு இவற்றைப் பார்க்கையில் ஒரு பொறாமை வரவே செய்யும். நூறு வருடத்துச் சாமான் எரியாமல், இடம்பெயராமல் அப்படியே இருக்கிறதே!

ஆனால் இங்கெல்லாம் முதலில் காதில் விழுவது நிலம் வைத்திருந்தவரின் பெயர். சொனோமாவில் 1857இல் தொடங்கிய புவெனா விஸ்ராவின் வைன் குகைகளைக் குடைந்தவர்கள் சீனத் தொழிலாளர். அந்தச் சீனர் இந்நாட்டுக்குள் வருவதைத் தடுக்கும் சட்டம் 1882இல் வந்தது. குகை நிலைத்தது, குடைந்தவனின் பெயர் நிலைக்கவில்லை. ரெஸ்ரோறன்றில் எம் கைகளினூடாகப் போகும் போத்தல்களிலும் இதே கதைதான். ஆண்டு, திராட்சை இனம், தோட்டம், முதலாளி எல்லாம் லேபலில் உண்டு. பழம் பறித்தவனுக்கு அங்கே இடமில்லை.

இதை வெள்ளைக்காரனின் குறையென்று சொல்லிவிட்டு நாம் எழும்பிப் போக முடியாது. புலம்பெயர்ந்த எம்மவரின் மலர்களிலும் மேடைகளிலும் பனை நிற்கிறது. பாளைக்கத்தி, தளைநார், முட்டி, பிளா எல்லாம் 'எமது பண்பாடு' ஆகிவிட்டன. மரத்தில் ஏறியவனை மட்டும் காணோம். அவன் இறக்கிய கள்ளை அவன் முற்றத்திலேயே இருந்து குடித்தவர்கள், தங்கள் கிணற்றில் அவனை அள்ள விட்டார்களா? சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்தும், மாவிட்டபுரம் கோயில் வாசலில் 1968இல் போராட வேண்டியிருந்தது. கே. டானியல் போன்றோர் எழுதியிராவிட்டால் அச்சில் இந்தளவுகூட மிஞ்சியிருக்காது.

சரி, நாளை ரொறன்ரோவிலோ யாழ்ப்பாணத்திலோ பனைக்கொரு நூதனசாலை அமைத்தால், சீவல் தொழிலாளியின் பெயரை எழுதி வைத்தால் போதுமா? இங்கேதான் சிக்கல். கடல் கடந்தும் கலியாணப் பேச்சில் 'ஊரிலே எந்தப் பக்கம்?' என்று விசாரிக்கும் சமூகம் எம்முடையது. தகப்பனின் தொழிலைச் சொல்லாமல் வாழும் பிள்ளைக்கு, அந்தப் பெயர்ப்பலகை மரியாதையாகவும் இருக்கலாம், காட்டிக்கொடுப்பாகவும் இருக்கலாம். பெயரை மறைத்தால் அநியாயம் தொடர்கிறது. அவர்களைக் கேளாமல் வெளியிட்டால் இன்னொரு அநியாயம்.

எமக்குத் தோன்றும் விடை இது. எந்தப் பெயர் வரவேண்டும் என்பதை அந்தக் குடும்பங்களே தீர்மானிக்கட்டும். ஆனால் பாளைக்கத்திக்குப் பக்கத்தில் அந்தக் கிணறும் பூட்டிய கோயில் வாசலும் இருக்க வேண்டும். அதற்கு எவருடைய சம்மதமும் தேவையில்லை. வெட்கம் ஏறியவனுடையதல்ல, தடுத்தவனுடையது. ஊரை இழந்துவிட்டோம் என்பதற்காக, அந்த ஊர் எல்லோருக்கும் ஒரே மாதிரி இனித்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் உரிமை எமக்கில்லை. அப்படியொரு நூதனசாலைக்குக் காசு சேர்க்க நாம் வீடு வீடாகப் போனால், எத்தனை கதவுகள் திறக்கும் என்பதுதான் கேள்வி.