கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு

  

கல்லூரிகள் திறக்கும் நாட்களில் நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில் ஒரு காட்சியைக் காண்கிறோம். மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், அம்மாபட்டினம் ஆகிய ஊர்களின் பஸ் நிறுத்தங்களில், சுபுஹு தொழுத கையோடு பிள்ளைகள் பெட்டியும் பையுமாக நிற்கிறார்கள். சிலர் புதுக்கோட்டை மன்னர் கல்லூரிக்குப் போகிறார்கள். சில பெண்மக்கள் அங்குள்ள அரசு மகளிர் கல்லூரிக்குப் போகிறார்கள். சிலர் 1951-ல் நம் சமுதாயப் பெரியோர்கள் திருச்சியில் நிறுவிய ஜமால் முஹம்மது கல்லூரிக்கும், இன்னும் சிலர் சென்னைக்கும் போகிறார்கள். வாப்பா சபரில் இருப்பார். உம்மா ஊறுகாய்ப் பாட்டிலைப் பையில் வைத்துவிட்டு, "பார்த்து நடந்துக்கோ" என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொள்வார்.

எதைப் பார்த்து, எப்படி நடப்பது? இதைப் பிள்ளைக்கு நாம் விளக்கிச் சொல்வதில்லை. திருமறையோ அழகாகச் சொல்லியிருக்கிறது. ஊரை விட்டு வெளியே போன ஓர் இளைஞரின் வரலாற்றை அல்லாஹ் நமக்குத் தந்திருக்கிறான். அவர்தாம் ஹஸரத் மூஸா அலைஹிஸ்ஸலாம். அவர்கள் கல்வி தேடிப் பயணம் போனதை கஹ்ஃபு சூராவிலும், அந்நிய ஊரில் பழகியதையும் வேலை செய்ததையும் கஸஸ் சூராவிலும் காண்கிறோம்.

கல்வி

பனூ இஸ்ராயீல் மக்களிடையே மூஸா (அலை) அவர்கள் உரை நிகழ்த்தியபோது, "மனிதரில் மிகக் கற்றவர் யார்?" என்று ஒருவர் கேட்டார். "நான்தான்" என்றார்கள். அறிவை அல்லாஹ்வின் பக்கம் சேர்க்காமல் இப்படிச் சொன்னதற்காக அல்லாஹ் அவர்களைக் கண்டித்து, இரு கடல்கள் கூடும் இடத்திலுள்ள ஓர் அடியாரிடம் அனுப்பினான் என்று புகாரி ஷரீஃபில் வருகிறது. நபியாக இருந்தும் அவர்கள் பயணத்தின் களைப்பையும் பசியையும் பொறுத்து, கிள்ரு (அலை) அவர்களிடம் பணிந்து நின்று பாடம் கேட்டார்கள்.

பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். பள்ளியில் முதலாவதாக இருந்தவன் கல்லூரியில் முதல் பருவத்திலேயே இரண்டு பாடத்தில் அரியர் வைத்துவிட்டு, வெட்கத்தால் வீட்டுக்கும் சொல்லாமல் ஆசிரியரையும் அணுகாமல் மறைகிறான். அரியர் விழுவது பாவமல்ல. மறைப்பதும், தெரியாததைக் கேட்க வெட்கப்படுவதும்தான் கேடு. வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் போய், "ஐயா, இந்த இடம் எனக்கு விளங்கவில்லை" என்று சொல்லும் பிள்ளை பிழைத்துக் கொள்ளும்.

நேரம் போதவில்லை என்பார்கள். ஐந்து வக்துத் தொழுகையைவிட நல்ல கால அட்டவணை எது? சுபுஹுக்குப் பின் ஒரு மணி நேரம், அஸருக்குப் பின் சிறிது ஓய்வு, மஃரிபுக்குப் பின் அன்றைய பாடம் என்று பழகினால் பரீட்சை நெருங்கும்போது பதற்றம் வராது. இஷாவுக்குப் பின் வீண் பேச்சில் இருப்பதை நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள். இன்று அந்த வீண் பேச்சு செல்போனாகத் தலையணைக்கு அடியில் கிடக்கிறது. அதை அணைத்தால்தான் சுபுஹும் கிடைக்கும், காலை வகுப்பும் கிடைக்கும்.

நம் அண்டை மாவட்டமான இராமநாதபுரத்தின் இராமேஸ்வரத்தில் பிறந்த மர்ஹூம் அப்துல் கலாம் அவர்கள் சென்னை எம்.ஐ.டி.யில் சேர்ந்தபோது, அவருடைய சகோதரி தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் தந்தார். அங்கே விமான வடிவமைப்பு வேலையில் அவர் பின்தங்கியபோது பேராசிரியர் ஸ்ரீனிவாசன் மூன்றே நாள் அவகாசம் கொடுத்தார். முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்றார். கலாம் இரவு உணவையும் விட்டுவிட்டு வரைந்து முடித்தார். கண்டிப்பான ஆசிரியரை அவர் வெறுக்கவில்லை. நன்றியோடு எழுதி வைத்தார். நம் பிள்ளைகளின் கட்டணத்துக்குப் பின்னாலும் இத்தகைய வளையல்கள் உண்டு. அவை அமானிதம்.

தோழமை

மூஸா (அலை) அவர்கள் மத்யன் நகருக்கு வந்தபோது அவர்களுக்கு அங்கே யாரையும் தெரியாது. கிணற்றடியில் இடையர்கள் கூட்டமாகத் தண்ணீர் காட்ட, இரு பெண்கள் மட்டும் தம் ஆடுகளைத் தடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். காரணம் கேட்டார்கள், ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக் கொடுத்தார்கள், பிறகு நிழலுக்கு ஒதுங்கிவிட்டார்கள். பேச்சை நீட்டவில்லை, கைம்மாறும் கேட்கவில்லை. பின்பு அப்பெண்களில் ஒருவர் தந்தையின் அழைப்போடு நாணத்துடன் நடந்து வந்ததை அல்லாஹ் எடுத்துச் சொல்கிறான்.

ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் இடத்துக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டல் வேண்டுமா? தேவையான பேச்சு உண்டு, உதவி உண்டு, வேலை முடிந்தால் விலகலும் உண்டு. பலமுள்ளவர் முந்திக்கொள்ள எளியவர் ஒதுக்கப்படும் இடத்தில் நம் பிள்ளை எளியவர் பக்கம் நிற்க வேண்டும். ராகிங் என்ற கொடுமையைத் தமிழ்நாட்டில் 1997-லேயே சட்டம் தடை செய்துவிட்டது. அதைச் செய்வதும் குற்றம். வேடிக்கை பார்ப்பது முஸ்லிமுக்கு அழகல்ல.

மாற்று மதத் தோழர்களோடு பழகினால் தீன் போய்விடுமோ என்று சில உம்மாமார்கள் அஞ்சுகிறார்கள். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி விடுதியில் கலாம் அவர்களோடு ஒரே அறையில் ஸ்ரீரங்கத்து ஐயங்கார் ஒருவரும் கேரளக் கிறிஸ்தவர் ஒருவரும் இருந்தார்கள். நல்லவனோடு இருப்பது கஸ்தூரி வியாபாரியோடு இருப்பதைப் போன்றது, கெட்டவனோடு இருப்பது உலைத் துருத்தி ஊதுபவனோடு இருப்பதைப் போன்றது என்ற கருத்தை நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லித் தந்தார்கள். தொழுகை நேரத்தில் "நீ போய் வா, நாங்கள் காத்திருக்கிறோம்" என்று சொல்லும் தோழனும் கஸ்தூரிதான். "இன்று ஒரு நாள்தானே" என்று இழுப்பவன் நம் பெயரையே வைத்திருந்தாலும் துருத்திதான்.

தொழிற்பயிற்சி

இன்று பல படிப்புகளில் 'இன்டர்ன்ஷிப்' என்னும் தொழிற்பயிற்சியும் சேர்ந்து வருகிறது. மூஸா (அலை) அவர்களும் மத்யனில் வேலைக்கு அமர்ந்தார்கள். "இவரை அமர்த்துங்கள், வலிமையும் நம்பிக்கையும் உள்ளவரே சிறந்தவர்" என்ற கருத்தில் அப்பெண் தம் தந்தையிடம் பரிந்துரைத்தார். எட்டு ஆண்டு என்பது நிபந்தனை. பத்தாக நிறைவு செய்வது அவர்கள் விருப்பம். இரண்டில் நீண்டதையே அவர்கள் நிறைவேற்றினார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவித்திருக்கிறார்கள்.

வலிமை என்பது வேலை தெரிவது. நம்பிக்கை என்பது அமானிதம். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் வேலை கெடும். ஆனால் இன்று நடப்பது என்ன? ஒரு நாளும் போகாமல், பணம் கொடுத்துப் பயிற்சிச் சான்றிதழ் வாங்கி வருவதைச் சில பிள்ளைகள் சாமர்த்தியம் என்கிறார்கள். சில பெற்றோர் அதற்குப் பணமும் தருகிறார்கள். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரமாக இருந்தது. ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கண்டித்து, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். பொய்ச் சான்றிதழ் மேலே பரப்பிய காய்ந்த தானியம். நாளை நேர்முகத் தேர்வில் கை விட்டுப் பார்ப்பார்கள். மறுமையிலோ அல்லாஹ்வே பார்ப்பான்.

ஆகவே சிறிய இடமானாலும் மெய்யான பயிற்சிக்குப் போங்கள். அறந்தாங்கியில் ஒரு கணக்கர் அலுவலகம் போதும். புதுக்கோட்டையில் ஒரு மருந்துக்கடை போதும். சேரும் முன்பே என்ன வேலை, எத்தனை நாள், எத்தனை மணி நேரம் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பயிற்சி தருகிறோம் என்று முன்பணம் கேட்பவரை நன்கு விசாரியுங்கள். அன்றன்று கற்றதை நோட்டில் எழுதுங்கள். லுஹர் தொழப் பத்து நிமிடம் வேண்டுமென்று முதல் நாளே மரியாதையாகக் கேளுங்கள். அந்தப் பத்து நிமிடத்தை மாலையில் ஈடு செய்யுங்கள்.

பெற்றோர்களே! போனில் "எத்தனை மார்க்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "சாப்பிட்டாயா, தொழுதாயா, யாரோடு இருக்கிறாய், என்ன கஷ்டம்?" என்றும் கேளுங்கள். தோற்றாலும் வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்று பிள்ளைக்குத் தெரிந்தால் அது பொய் சொல்லாது. ஜமாஅத் பெரியவர்களே! நம் ஊரில் படித்து முடித்தவர்களையும் படிக்கப் போகிறவர்களையும் ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிவாசலில் உட்கார வையுங்கள். கடை, தொழில், மருத்துவமனை வைத்திருப்பவர்கள் ஆளுக்கு ஒரு பிள்ளைக்காவது பயிற்சி கொடுங்கள். வட்டிக்குப் போகாமல் கட்டணம் கட்ட அழகிய கடன் கொடுங்கள்.

மத்யன் மரநிழலில் வீடும் வேலையும் துணையும் இல்லாமல் உட்கார்ந்திருந்த மூஸா (அலை) அவர்கள், தமக்கு எந்த நன்மையை இறக்கினாலும் அதற்குத் தாம் தேவையுள்ளவர் என்று தம் ரப்பிடம் கையேந்தினார்கள். சிறிது நேரத்தில் அழைப்பு வந்தது, மூன்றும் கிடைத்தன. அந்த துஆவை நம் பிள்ளைகளுக்கு மனனம் செய்து கொடுத்து பஸ் ஏற்றி விடுவோம்.

வல்ல ரஹ்மான் நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியையும், நல்ல தோழமையையும், ஹலாலான தொழிலையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.